இடம்பெயர்ந்தோரும் சுகாதாரமும்

யுத்தம், வெள்ளம், பஞ்சம் முதலியவற்றால் ஊரைத் துறந்து வரும் மக்களுள், அவ்விபத்தால் மாண்டவர்களைவிடப் பின்னர் முகாமில் நோயால் மாள்வோர் மிகுதியாவதுண்டு. குறுகிய இடத்தில் பெருந்திரளானோர் கூடுகின்றனர். குடிநீரில் கழிவு கலக்கிறது. உணவு குறைந்த உடல், தொற்றை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது. வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா, மலேரியா ஆகியவை இந்நிலையில் குழந்தைகளைப் பெரிதும் கொல்வன.

பன்காவ் தந்த பாடம்

1971-ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். எல்லையோர முகாம்களில் காலரா பரவிற்று. மேற்கு வங்காளத்துப் பன்காவ் ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவந்தது. அதனை ஏற்றும் பயிற்சி பெற்றோரும் மிகச் சிலரே. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலநபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவில் கரைசல் தயாரித்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு 3.6 ஆகத் தணிந்தது.

இதன் காரணத்தை அறிதல் நன்று. காலராக் கிருமி ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவினார். அந்நஞ்சு சிறுகுடலிலிருந்து உப்பையும் நீரையும் ஓயாது வெளியேற்றுகிறது. அந்நிலையில் வெறும் உப்புநீரைப் பருகினால் குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. ஆயினும், குளுகோஸும் சோடியமும் இணைந்து உட்புகும் வழி மட்டும் நஞ்சினால் கெடுவதில்லை. அவை புகும்போது நீரும் உடன் புகுகிறது. ஆகவே, ஊசியும் குழாயும் இல்லாத இடத்திலும் ஒரு தாய் தன் குழந்தையைக் காக்க முடிகிறது.

முதல் தேவைகள்

மருந்தினும் முந்தியது தடுப்பு. மனிதாபிமான நிறுவனங்கள் வகுத்துள்ள ஸ்பியர் அளவுகளின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீரும், 2,100 கலோரி உணவும், 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடமும் வேண்டும்; இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம் அமைதல் வேண்டும். தட்டம்மை ஊசியைத் தாமதமின்றி, ஆறு மாதக் குழந்தை முதற்கொண்டு போடுதல் அவசியம்.

குடியமர்ந்த பின்

இரண்டாம் கட்டத்தில் மெல்ல வளரும் நோய்கள் தலையெடுக்கின்றன. 1960-களின் தொடக்கத்தில் மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பேயில் குடியேறத் தொடங்கிய திபெத்தியரிடையே காசநோய் நெடுங்காலம் பெருஞ்சுமையாக இருந்தது. நெருங்கிய வாழ்வும் ஊட்டக் குறைவும் அந்நோய்க்குத் துணைபுரிவன. வழக்கமான சிகிச்சைக்கே ஆறு மாதம் தேவை. இடையே நோயாளி வேறிடம் பெயர்ந்து மருந்தை நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றக்கூடும்.

நகரத்திலும் இதே நிலை

எல்லையைக் கடந்தவர்களே அகதிகள் எனப்படுகின்றனர். எனினும், ஒரே நகரத்தினுள் வீடிழந்தவர்களின் தேவையும் இதனின் வேறன்று. பெங்களூரைச் சேர்ந்த ஈஜிபுராவில், நலிந்த பிரிவினர் குடியிருப்பு இருந்த இடத்திலிருந்து 2013 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களுள் தமிழ் பேசுவோரும் பலர். சில குடும்பங்கள் அருகிலுள்ள நடைபாதையிலேயே தங்கின.

இத்தகைய குடும்பங்களின் நிலையில் சுகாதார ஊழியர் கேட்டறிய வேண்டியவை சில: கர்ப்பிணிகள் எத்தனை பேர்? குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகள் கைவசம் உள்ளனவா? காசநோய், நீரிழிவு மாத்திரைகள் எத்தனை நாளைக்கு இருக்கின்றன? இரவில் பெண்கள் அச்சமின்றிச் செல்லக் கழிப்பிடம் உண்டா? புதிய இடம் எவ்வளவு தொலைவிலிருந்தாலும், அங்கே மருத்துவமனையும் பிழைப்பும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூலி நின்றால் உணவு குறையும், உணவு குறைந்தால் நோய் வரும்.

ஆதலின், வீடு அளிப்பதுடன் மறுகுடியமர்த்தல் முடிந்துவிடுவதில்லை. நீரும், கழிப்பிடமும், மருந்துத் தொடர்ச்சியும் முதல் நாளிலேயே அமைந்திருத்தல் வேண்டும்.