வரி முடியும் இடத்தில் ஒரு வழு

திருவாமாத்தூரில் ஒரு மகளிர் குழு, வரிக்கு ஒருவராக உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை அச்சிடும் நிரல், நடுவில் ஒரே ஒரு பெயருக்குக் கீழே மட்டும் வெற்று வரி விடுகிறது. கோப்பில் அப்படி ஒரு வரியே இல்லை. மேலே யாருடைய பெயரிலாவது ஓர் எழுத்தைக் கூட்டினால் போதும், வெற்று வரி காணாமல் போய்விடும்.

கோளாறின் வேர் டெலிபிரிண்டர் காலத்தது. தட்டச்சு இயந்திரத்தில் நெம்புகோலை ஒரு தள்ளு தள்ளினால், தாளைத் தாங்கும் வண்டியும் ஓரத்துக்கு வரும், தாளும் ஒரு வரி ஏறும். டெலிபிரிண்டரில் இவை தனித்தனி ஆணைகள். எழுத்துகளுக்கும் ஆணைகளுக்கும் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் வண்டிக்கு எண் 13, தாளுக்கு 10. கோப்பில் வரியை முடிக்க யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. பழைய மேக் 13ஐ எடுத்துக்கொண்டது. டாஸும் விண்டோஸும் இரண்டையும் விடவில்லை. வெறும் 10ஐ வரிமுடிவாக ஏற்க விண்டோஸ் நோட்பேடுக்கு 2018 வரை ஆனது!

இந்த மூன்று வழக்கத்தையும் ஒன்றாகவே பாவிக்கும் வசதி 2003இல் பைத்தான் 2.3 உடன் வந்தது. சொல்ல எளிது. ஆனால் இவ்வசதியைத் தரும் நிரல் நூலகங்கள் கோப்பைத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். ஒரு துண்டு 8192 பைட் என்று கொள்வோம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘திருவாமாத்தூர்’ என்ற ஊர்ப்பெயருக்கே 42 பைட் போய்விடும். சில நூறு பேர் பட்டியலில் முதல் துண்டு நிரம்பிவிடும். அதன் கடைசி பைட் 13ஆகவும் அடுத்த துண்டின் முதல் பைட் 10ஆகவும் அமைந்தால் வந்தது வினை. கவனமில்லாத நூலகம் இரண்டையும் இரண்டு வரிமுடிவுகளாக எண்ணிவிடும். ஓர் எழுத்துக் கூடினால் எல்லை நகர்ந்துவிடும், வழுவும் ஒளிந்துகொள்ளும். (தமிழ் எழுத்துகள்மேல் பழி இல்லை, அவற்றின் பைட் எல்லாம் 127க்கு மேல்.)

திருத்தம் சின்னதுதான். துண்டு 13இல் முடிந்தால், அதை உடனே வெளியே விடாமல் பிடித்துவைத்து, அடுத்த துண்டின் தலையில் ஒட்டிவிட வேண்டும். பைத்தான் இதற்கு ‘பென்டிங்சிஆர்’ என்ற கொடியை வைத்திருக்கிறது. மூலநிரல் திறந்தே கிடப்பதால், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவில் பழகும் மாணவர்களும் அந்த வரிகளைப் படித்துப் பார்க்கலாம்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கோப்பே 13இல் முடிந்தால் ஒட்டுவதற்கு அடுத்த துண்டு ஏது? பிடித்துவைத்ததை அப்போது விட்டுவிட வேண்டும். மறந்தால் கடைசி வரிமுடிவு தொலையும். ஆகவே சோதிக்கும்போது முழுக் கோப்பையும் ஒரே வாயாக ஊட்டக்கூடாது. ஒவ்வொரு பைட்டாகக் கொடுத்தாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.