பொழுது சாய்ந்ததும் ஆட்களை வெளியேற்றுவது ஏன்? தனுஷ்கோடி 'பேய்' கதைகளின் பின்னணி

ராமேஸ்வரம்:

தனுஷ்கோடி என்றதும் இப்போதெல்லாம் பலருக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது பேய்தான். ராமர் வில் முனையால் சேதுவை உடைத்த இடம், இலங்கைக்கு கப்பல் போன துறைமுகம் என்ற பெருமை எல்லாம் பின்னால் போய்விட்டது. நாட்டில் பேய் நடமாடும் இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் தனுஷ்கோடிக்கு ஒரு இடம் போட்டுவிடுகிறார்கள்.

கதைகளுக்கும் பஞ்சமில்லை. நள்ளிரவில் ரெயில் ஊதுகிற சத்தம் கேட்குமாம். இடிந்த சர்ச் பக்கம் பெண்கள், குழந்தைகள் அழுகிற சத்தம் வருமாம். கடற்கரை ஓரமாக வெளிச்சம் தானாக நகர்ந்து போகுமாம். தண்ணீரில் நீல நெருப்பு எரியுமாம். அதனால்தான் பொழுது சாய்ந்ததும் போலீசார் யாரையும் அங்கே விடுவதில்லை என்று கதையை முடிப்பார்கள்.

கேட்கிறவர்களுக்கு புல்லரிக்கும். ஆனால் இதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. சில நிஜங்கள் பேய்க்கதையை விட கொடுமையானவை.

அந்த ராத்திரி

1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு யோகம் அடித்தது. சென்னையில் இருந்து வரும் 'போட் மெயில்' ரெயில் நேராக தனுஷ்கோடிக்கே வரும். இறங்கினால் கப்பல். ஏறினால் அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரெயில். ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய் வந்த காலம் அது. ரெயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச், கோவில் என்று சின்ன ஊருக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது.

1964-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி அந்தமான் பக்கம் உருவான காற்றழுத்த தாழ்வு, புயலாக வலுத்து இலங்கையை தாண்டி வந்தது. 22-ந்தேதி நள்ளிரவு தனுஷ்கோடியை தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 7 மீட்டர் உயரத்துக்கு, அதாவது 2 மாடி கட்டிட உயரத்துக்கு கடல் எழுந்து வந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

அதே நேரத்தில்தான் பாம்பனில் இருந்து புறப்பட்ட 653-ம் எண் பாசஞ்சர் ரெயில் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. 6 பெட்டிகள். கணக்குப்படி 110 பயணிகள், ரெயில்வே ஊழியர்கள் 5 பேர். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்பார்கள். ஸ்டேஷனுக்கு சில நூறு கஜம் இருக்கும்போது அலை அப்படியே ரெயிலை விழுங்கிவிட்டது. ஒருவர்கூட பிழைக்கவில்லை. இப்படி ஒரு ரெயில் போய்விட்டது என்ற விவரம் வெளியே தெரியவே 2 நாள் ஆனது.

புயலில் செத்தவர்கள் மொத்தம் 1,800 பேருக்கு மேல் என்பது பொதுவாக சொல்லப்படும் கணக்கு. நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அப்போது ராமேஸ்வரத்தில் இருந்து உயிர் தப்பியது பழைய ஆட்கள் இன்றைக்கும் பேசுகிற சங்கதி. பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்களையும் கடல் அடித்துக்கொண்டு போனது. அதை இன்ஜினீயர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்து பெயர் வாங்கினார். ரெயில் மறுபடி ராமேஸ்வரம் வந்தது. தனுஷ்கோடிக்கு மட்டும் வரவே இல்லை.

ரெயில் ஊதும் சத்தம் எங்கிருந்து வந்தது?

ராத்திரியில் ரெயில் ஊதுகிறது என்ற கதைக்கு மூலம் இந்த விபத்துதான். புயலில் சிக்னல் விளக்கு அணைந்துவிட்டதால் டிரைவர் ரெயிலை நிறுத்தி வைத்தாராம். சிக்னல் கிடைக்கவே இல்லை. கடைசியில் நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு ரெயிலை நகர்த்தினாராம். அடுத்த சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள்.

ரெயிலில் இருந்த யாருமே மிஞ்சவில்லை எனும்போது, விசில் கொடுத்ததை பார்த்து சொன்னது யார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். பிற்பாடு சேர்ந்த சங்கதியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த கடைசி விசில் மக்கள் மனதில் பதிந்துவிட்டது. இடிந்த சுவர்களுக்கு நடுவில் ராத்திரி காற்று புகுந்தால் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். கதவு, ஜன்னல், கூரை எதுவும் இல்லாத கட்டிடங்கள். இரண்டு பக்கமும் கடல். காற்று ஓயாத இடம். கதை தெரிந்தவன் காதில் அது ரெயில் சத்தமாகத்தான் விழும்.

பூநாரைகளையும் விட்டுவிட முடியாது. குளிர்காலத்தில் வலசை வரும் பெரிய பூநாரைகள் தனுஷ்கோடியின் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டம் கூட்டமாக இரை தேடும். ராத்திரியிலும் கத்தும். வாத்து கத்துவது போல கரகரவென்று இருக்கும். இருட்டில் முதல் தடவை கேட்கிறவர்கள் வெலவெலத்துப் போவார்கள். இந்த பறவைகளுக்காகவே 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவித்தது.

நீல நெருப்பும் நகரும் வெளிச்சமும்

கடலில் எரியும் நீல நெருப்பு மீனவர்களுக்கு புதுசு இல்லை. நாக்டிலூகா என்று ஒரு நுண்ணுயிர் கடலில் மிதக்கிறது. கண்ணுக்கு லேசில் தெரியாத அளவு சிறியது. இது பெருகினால் பகலில் தண்ணீர் பச்சையாக தெரியும். இந்த பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். ராத்திரியில் அலை உடையும்போதும், துடுப்பு படும்போதும் நீலமாக மின்னும். 2019-ம் ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இது அளவுக்கு மீறி பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. வேடிக்கை பார்க்க அழகு. மீனுக்கு ஆபத்து. பேய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கரையோரம் நகரும் வெளிச்சத்துக்கு காரணம் ஒன்றா, இரண்டா? ஆண்டு தொடக்கத்தில் சில மாதங்கள் கடல் ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். முட்டைகளை நாயும் நரியும் தின்றுவிடாமல் எடுத்து பொரிப்பகத்தில் வைக்க, வனத்துறை ஆட்கள் விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டோடு கரையோரம் நடப்பார்கள். மீனவர்கள் வலை இழுக்க போவார்கள். கடலோர காவல் படையும், கடலோர பாதுகாப்பு குழும போலீசாரும் ரோந்து வருவார்கள். எல்லை அருகில் இருப்பதால் கடத்தல்காரர்களுக்கும் இது தோதான பாதை. ஊருக்குள் பேய் பயம் இருந்தால் அவர்களுக்கு வசதிதானே!

அழுத குரல் யாருடையது?

அழுகுரல் கதைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

தனுஷ்கோடி முனையை தாண்டினால் கடலுக்குள் வரிசையாக மணல் திட்டுகள் இருக்கின்றன. தீடை என்பார்கள். மரம், குடிநீர், நிழல் எதுவும் கிடையாது. 1983-க்கு பிறகு இலங்கையில் சண்டைக்கு பயந்து ஓடிவந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்த கடல் வழியாகத்தான் வந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிவரும் படகுக்காரர்கள் சிலர், ரோந்துக்கு பயந்து ராத்திரியோடு ராத்திரியாக தீடையில் இறக்கி விட்டுவிட்டு 'இதுதான் இந்தியா' என்று போய்விடுவார்கள். விடிந்து பார்த்தால் சுற்றிலும் கடல்.

சண்டை முடிந்த பிறகும் இது நிற்கவில்லை. இலங்கையில் பொருளாதாரம் சரிந்து அரிசி, பால் பவுடர் விலை எகிறிய நேரத்தில், 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் அரிச்சல்முனை அருகே 4-வது மணல் திட்டில் தவித்த 6 பேரை கடலோர காவல் படையினர் ஹோவர்கிராப்ட் படகில் போய் மீட்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்க திட்டில் கிடந்தார்கள். அவர்கள் போட்ட சத்தம் கரையில் யார் காதிலாவது விழுந்து, பேய் என்று போர்வையை இழுத்து போர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேய் கதையில் இப்படி ஒரு ஆபத்தும் இருக்கிறது.

பெயரில் வந்த வினை

புயலுக்கு பிறகு தனுஷ்கோடி மனிதர் வாழ தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. ஆங்கில பத்திரிகைகள் இதை 'கோஸ்ட் டவுன்' என்று எழுதின. ஆங்கிலத்தில் அதற்கு ஆட்கள் விட்டுப்போன ஊர் என்றுதான் அர்த்தம். சுரங்கம் மூடினாலும், ரெயில் நின்றாலும், ஜனங்கள் கிளம்பிவிட்ட ஊரை அப்படி சொல்வார்கள். தமிழில் அதை வார்த்தைக்கு வார்த்தை 'பேய் நகரம்' என்று போட்டதில், ஆளில்லாத ஊர் பேய் இருக்கிற ஊராகிவிட்டது. பாதி கதை இதில் கிளம்பியதுதான்.

மீதி பாதி வேன் சவாரியில் வளர்ந்தது. 2017-க்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கி குலுங்கி வேனில்தான் போக வேண்டும். வழித்துணைக்கு கதை வேண்டாமா? சர்ச்சை காட்டி நாலு கதை சொன்னால் பயணிகளுக்கும் திருப்தி. 2017-ம் ஆண்டு அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. தூரத்துக்கு ரோடு திறந்ததும் பஸ், கார் நேராக போக ஆரம்பித்தன. வேன் தொழில் படுத்தது. கதையை மட்டும் செல்போனில் வீடியோ எடுக்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்கால தடைக்கு காரணம்

மாலை 6 மணிக்குள் சுற்றுலா பயணிகளை வெளியேற்றுவது பேய்க்காக இல்லை. அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் ஒன்றை பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்பார்கள். இரண்டும் சேருகிற முனையில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று சொல்ல முடியாது. முட்டளவு தண்ணீர்தானே என்று இறங்குகிறவனை மணலோடு சேர்த்து வாரிவிடும். கடல் கொந்தளித்தால் அலை தடுப்பு கல்லை தாண்டி ரோட்டில் மணலை கொட்டும். இருட்டில் ஒருவர் போனால் தேடக்கூட முடியாது. போதாததுக்கு சர்வதேச கடல் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. பகலிலேயே முனையில் குளிக்க வேண்டாம் என்றுதான் எச்சரிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். தனுஷ்கோடியில் ராத்திரி ஆட்களே இருக்க மாட்டார்கள் என்பதும் தப்பு. தனுஷ்கோடி, கம்பிப்பாடு பகுதிகளில் மீனவ குடும்பங்கள் ஓலை குடிசை போட்டு தலைமுறையாக வாழ்கிறார்கள். கரைவலை இழுத்து பிழைப்பு. மணலை கையால் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீர்தான் குடிக்க. சுற்றிலும் உப்பு கடல் இருக்க, நாலு அடி ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதை வேண்டுமானால் அதிசயம் என்று சொல்லலாம். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே தங்குவதுதான் காரணம். பல வருஷம் கரண்டு இல்லாமல், சோலார் விளக்கில் பிள்ளைகளை படிக்க வைத்தவர்கள் இவர்கள். இடிந்த சுவருக்கு பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களை விட்டுவிட்டு, 2 மணி நேரம் வந்து போகிறவர்களைத்தான் பேய் பிடிக்கிறது.

புயலில் சொந்தங்களை பறிகொடுத்த குடும்பங்கள் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் நிறைய உண்டு. பலருக்கு உடல்கூட கிடைக்கவில்லை. டிசம்பர் 22, 23-ந்தேதி வந்தால் கடலில் பூ போட்டு கும்பிடுவார்கள். முன்னோருக்கு திதி கொடுக்க நாடு முழுக்க இருந்து ஜனங்கள் வருகிற இடம் இது. அதே இடத்தில் அப்பன், ஆத்தாளை பறிகொடுத்தவர்கள் முன்னால் நின்று 'இங்கே பேய் எங்கே தெரியும்' என்று கேட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

இப்போது பயப்பட வேண்டியது மிச்சம் இருக்கும் சுவர்களை நினைத்துத்தான். சர்ச், ரெயில் நிலையம் எல்லாம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து கட்டியவை. உப்புக்காற்று 60 வருஷமாக அரித்ததில் கல் கல்லாக உதிர்கிறது. படம் எடுக்க சுவர் மேல் ஏறுகிறவர்கள் மீதியையும் உதிர்க்கிறார்கள்.

ராமேஸ்வரத்தில் இருந்து அரிச்சல்முனைக்கு பஸ் போகிறது. வழியில் 1964 புயலிலும் அசையாமல் நின்ற கோதண்டராமர் கோவிலையும் பார்க்கலாம். காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் சுற்றிவிடலாம். கையில் குடிதண்ணீர் கட்டாயம். சாயங்காலம் போகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.