பூட்டன் பெயர் எந்த ஏட்டில்?

மடுவில் ஆடித் திருவிழா முடிந்த கையோடு, மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பங்குமனைகளுக்குச் சிலர் வந்து போவார்கள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் வளர்ந்தவர்கள். யூலை 2ஆம் திகதித் திருவிழாவுக்குத் தாய் தகப்பனோடு வந்தவர்கள். "அப்பப்பாவின்ரை ஞானஸ்நானப் பதிவு பார்க்கலாமோ, ஃபாதர்?" என்று கேட்பார்கள். அப்பப்பாவின் பெயர் தெரியும். அவருடைய தகப்பன் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டால் விடை இல்லை. நானாட்டான் பக்கமோ அடம்பன் பக்கமோ வயல் செய்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டதோடு சரி.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய ஊரொன்றில் உழுது விதைத்த மனிதரை இன்று தேடிப் பிடிக்க முடியுமா? பல குடும்பங்களுக்கு முடியும். ஆனால் ஒரே கந்தோரில், ஒரே ஏட்டில் அவர் அகப்படமாட்டார்.

அமெரிக்காவின் அயோவா, இலினொய் போன்ற மத்திய மேற்கு மாநிலங்களில் இதே தேடலில் இறங்குபவருக்குப் பாதி வேலையை அரசாங்கமே செய்து வைத்திருக்கிறது. 1850ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து, அடிமைப்படாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் அங்கே எழுதப்பட்டன. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் நிலத்துக்கு விண்ணப்பித்த உழவர், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததைச் சாட்சி வைத்து நிறுவ வேண்டும். அந்தக் கோவைகளை அந்த நாட்டுத் தேசிய சுவடிக் கூடத்தில் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். அவர்களுக்கும் இழப்பு உண்டு: 1890 கணக்கெடுப்பின் ஏடுகளில் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயிலும் அதனால் வந்த சேதத்திலும் அழிந்துவிட்டது.

இலங்கையில் முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அதிலிருந்து அச்சில் வந்தவை தொகை அட்டவணைகளே. எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை வீடுகள் என்று அறியலாம். ஒருவருடைய பெயரும் அதில் இராது. பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி, 1897இல்தான் கட்டாயமானது. ஆகவே 1880இல் மன்னார்ப் பெருநிலத்து மாதோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயர் அரசாங்கப் பதிவில் இருந்தால் அது அதிர்ஷ்டம். பூட்டனைத் தேடுகிறவர் கச்சேரிக்குப் போகுமுன் கோயிலுக்குப் போகவேண்டும். கோயிலுக்குப் போகுமுன் வீட்டு ஆச்சியிடம் இருந்து கதை கேட்கவேண்டும்.

ஆச்சியிடம் ஆண்டைக் கேட்டுப் பயனில்லை. நிகழ்ச்சியைக் கேட்கவேண்டும். "என்ரை பேத்தியார் முத்துக்குளிப்பு நடந்த வருசம் கலியாணம் முடிச்சவ" என்று ஒரு வசனம் விழுந்தால் போதும். மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பு எந்தெந்த ஆண்டில் நடந்தது என்பதற்கு அரசாங்கக் கணக்கு உண்டு. 1891க்குப் பிறகு 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. 1903 முதல் 1907 வரை மரிச்சுக்கட்டிக் கரையில் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் 1925இல் ஒருமுறை நடந்தது. ஆகவே அந்தப் பேத்தியாரின் கலியாணம் 1891க்கு முன்னா, 1903க்குப் பின்னா என்று பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்மானித்துவிடலாம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914. தனுஷ்கோடியை அழித்த சூறாவளி அடித்தது 1964 டிசம்பர். இவற்றுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டுக் கேட்டே ஒரு குடும்பத்தின் காலக் கணக்கைப் போட்டுவிட முடியும்.

அடுத்ததாக ஆச்சியிடம் கேட்கவேண்டியது, "எந்தக் குளத்துக்குக் கீழை வயல்?" என்பது. மாதோட்டத்து ஊர்களைக் குளங்களே உண்டாக்கின; உயிலங்குளம் போல ஊர்ப் பெயரிலேயே குளத்தைச் சுமக்கும் இடங்களும் உண்டு. அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்துக் கொண்டுவரும் கட்டுக்கரைக் குளம் நெடுங்காலம் உடைந்து கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரித்தானிய அரசு அதைத் திருத்தியபின்தான் சுற்றியுள்ள சிறு குளங்களுக்கும் நம்பிக்கையான நீர் கிடைத்தது. தண்ணீர் போன இடத்துக்குக் குடும்பங்களும் போயின. 1900இல் ஒரு ஊரில் இருந்த குடும்பம் 1860இலும் அங்கேயே இருந்தது என்று எண்ணிக்கொண்டு தேடுகிறவர் தவறான பங்கின் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயில் ஏடுதான் பெரிய கொடை. மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இல் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் வந்த பிறகு கோவாக் குருக்கள் ஊர் ஊராக மறைவாகச் சுற்றித் திரிந்து அந்த விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையின் ஐரோப்பியக் குருக்கள் இலங்கைக்கு வந்தார்கள்; 1872இல் மடுவில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஆயர் பொன்ஜீன் அந்தச் சபையைச் சேர்ந்தவர். மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல்தான். அதற்கு முன் இந்தப் பங்குகள் எல்லாம் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் கீழ் இருந்தன. ஆகையால் தேடல் சில சமயம் யாழ்ப்பாணம் வரைக்கும் நீளும்.

பழைய ஞானஸ்நானப் பதிவு இலத்தீனில், நாலைந்து வரியில் முடிந்துவிடும். பிள்ளை பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த நாள், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர், குருவின் கையெழுத்து. அவசரமாகத் தேடுகிறவர்கள் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரை விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. அந்த இடத்துக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் மாமன், மாமி, சித்தப்பா போன்ற நெருங்கிய சொந்தம். தாயின் பிறந்த ஊர் எது என்று வேறெங்கும் கிடைக்காதபோது, அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊர் ஏட்டுக்குப் போகலாம்.

ஓரக்குறிப்பையும் பார்க்கவேண்டும். ஒருவர் திருமணம் செய்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அதை அறிவித்து, அங்குள்ள பதிவின் ஓரத்தில் எழுதவேண்டும் என்ற கட்டளை 1908இல் நடைமுறைக்கு வந்தது. வங்காலையில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் விடத்தல்தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தால், அவளுடைய 1890ஆம் ஆண்டுப் பதிவின் ஓரத்தில், வேறு மையில், கணவன் பெயரும் கலியாணத் திகதியும் இருக்கக்கூடும். பெண்வழியைத் தொடர்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் அரிது.

பெயர்கள் ஆளைச் சுற்றவைக்கும். இலத்தீன் ஏட்டில் யாக்கோபுஸ் என்று இருப்பவர் ஊரில் சந்தியாகு, உறுதியில் சந்தியாப்பிள்ளை. யோசேப்புஸ், வீட்டில் சூசை. குரூஸ், பீரிஸ் என்று குடும்பப் பெயர் உள்ள கரையோரக் குடும்பங்களுக்கு வேலை கொஞ்சம் இலகு. வயல் ஊர்களில் பெரும்பாலும் தகப்பன் பெயரே முன்னால் வரும்; பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பதும் வழக்கம். அதனால் அறுபது வருட இடைவெளியில் ஒரே பெயரோடு இரண்டு பேர் நிற்பார்கள். மனைவியின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் இருவரையும் ஒருவராக்கிவிட்டால், ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

சைவக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கோயில் ஏடு இல்லை. அதற்குப் பதிலாகச் சாதகக் குறிப்புகள் இருக்கின்றன. பழைய ஓலைச் சாதகம் ஒன்று அலமாரியில் கிடந்தால், அதில் பிறந்த நாழிகை வரைக்கும் இருக்கும். அந்தியேட்டியின்போது வெளியிடும் கல்வெட்டுப் புத்தகங்களிலும் இறந்தவரின் வழிமுறையைச் சொல்வார்கள். இத்தகைய நினைவு மலர்களை நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. கூத்துப் பிரதிகளையும் மறக்கக்கூடாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த மன்னார் நாட்டுக்கூத்துகளுக்குப் பின்னால் எத்தனையோ வீட்டுக் கையெழுத்துப் பிரதிகள் உண்டு. எழுதியவர், பார்த்து எழுதியவர், ஆடியவர் பெயர்கள் அவற்றில் கிடைக்கலாம்.

சமயம் எதுவாக இருந்தாலும் உழவருக்குக் காணி உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்றது. 1860களில் உறுதிகளைப் பதிவுசெய்யும் காணிக் கந்தோர்கள் வந்தன. அந்தக் காலத்து உறுதியில் எல்லைகளைச் சொல்லும்போது வடக்கே இன்னாருடைய வயல், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய பெண்சாதியின் வயல் என்று அயல் முழுவதும் வந்துவிடும். காணி எப்படி வந்தது என்பதும் இருக்கும்: முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா? முதுசம் என்றால் தகப்பன்வழி. சீதனம் என்றால் அந்தச் சீதன உறுதியைத் தேடி எடுக்கவேண்டும்; பெண்ணின் தாய் தகப்பன் அதில் கையொப்பமோ கைநாட்டோ வைத்திருப்பார்கள்.

உறுதியில் மிகவும் பேசுவது பங்குக் கணக்கு. "பிரிபடாத 24இல் 1 பங்கு" என்று ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் முதுசமாகச் சமபங்கு பெற்றிருந்தால், பாட்டனுக்கு நாலு பிள்ளைகள், அவர்களில் ஒருவருக்கு ஆறு பிள்ளைகள், விற்பவர் அந்த ஆறில் ஒருவர் என்று ஒரு கணக்கு வரும். மூன்றும் எட்டும் என்றும் வரலாம். அதே காணியின் மற்றப் பங்குகளை விற்ற உறுதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும். ஒரு பிறப்புப் பத்திரமும் இல்லாமலே இரண்டு தலைமுறையின் பிள்ளைத் தொகையை இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

காணித் தகராறு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் தேடுகிறவருக்கு இன்னும் நல்லது. காணியைப் பங்கு பிரிக்கும் வழக்கில் முறைப்பாட்டோடு வமிசாவளி அட்டவணையும் கொடுக்கவேண்டும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் அதையே கேட்கிறது. ஆதி உரிமையாளரிலிருந்து இன்றைய வாரிசுகள் வரை அதில் வரைந்திருக்கும். ஆனால் அது வழக்காளியின் கட்சி. எதிராளியின் அட்டவணையையும் தீர்ப்பையும் பார்க்காமல் அதை அப்படியே நம்பிவிடக்கூடாது.

இதற்கும் அப்பால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களும், பிரித்தானியர் காலத்து உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் அங்கே உள்ளன. குளக்கட்டு, விளைச்சல், வெள்ளம், கொள்ளை நோய், உடையார், விதானை நியமனங்கள் ஆகியவற்றை அந்தத் துரைமார் எழுதி வைத்தார்கள். மன்னாரில் பணியாற்றிய போக் என்ற அதிகாரி 1888இல் மாவட்டத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். சாதாரண உழவரின் பெயர் இவற்றில் வருவது குறைவு. அவர் எந்த வருடம் பட்டினி கிடந்தார், எந்த வருடம் குளம் நிறைந்தது என்பது வரும்.

இந்தத் தேடல் மன்னாரில் வெறும் ஆசைக்காகச் செய்வதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலும் முசலி ஊர்களிலும் இருந்தவர்கள் கையில் எடுத்தது கொஞ்சமே. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கடுத்தம் என்னும் கலியாணப் பதிவு எல்லாம் வீட்டோடு போயின. தஞ்சம் புகுந்த புத்தளத்தில் பிள்ளைகள் வளர்ந்து ஊர் திரும்பியபோது, காணி தங்கள் வாப்பாவினது, அவருடைய வாப்பாவினது என்று நிறுவவேண்டி வந்தது. 2007, 2008இல் மடுப் பக்கத்துக் கிராமங்கள் இடம்பெயர்ந்தபோது தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே நிலை. மடு மாதாவின் சொரூபமே 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓகஸ்டில்தான் திரும்பியது. போரினால் காணியை இழந்தவர்கள் வழக்குத் தொடுக்க வழிவிட்டு 2016இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்கீழ் வழக்காட வந்தவருக்கும் முதலில் வேண்டியிருந்தது, தான் இன்னாருடைய பிள்ளை, அவர் இன்னாருடைய பிள்ளை என்று காட்டும் கடுதாசி.

இத்தனை இழப்புக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் ஏடுகளைப் பாதுகாப்பதில் போதிய அக்கறை காட்டப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டுத் தாளுக்குக் கரையான், கடற்காற்று, மாரி ஈரம் மூன்றும் பகை. ஒவ்வொரு பங்கின் பழைய ஏட்டையும், ஒவ்வொரு வீட்டின் உறுதியையும் சாதகத்தையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, இரண்டு இடத்திலாவது பிரதி வைக்கவேண்டும். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கு இந்த வேலையில் அனுபவம் உண்டு. மறைமாவட்டமும் பள்ளிவாசல்களும் கோயில் சபைகளும் கதவைத் திறந்தால், செலவைப் பொறுப்பேற்க வெளிநாட்டிலுள்ள மன்னார்க் குடும்பங்கள் முன்வரவேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், மூத்தவர் சொல்லும் பெயர்களை ஊர், குளம், கலியாணம் முடித்த இடம் என்று விபரத்தோடு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கட்டும். சொன்னவர் யார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் அடியில் குறித்து வையுங்கள்.