கேமிங் கணினி: முதலில் திரையைப் பாருங்கள்

விளையாட்டுக்கான கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தப் போகிறீர்களா? விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைத் தேடுமுன் உங்கள் திரையைக் கவனியுங்கள்.

முழு எச்டி திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என மொத்தம் சுமார் 2 மில்லியன் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப்போல் 4 மடங்கு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடுவது கிராஃபிக்ஸ் கார்டுதான். எனவே, 4கே திரை என்றால் அதற்கே அதிகம் செலவிடுங்கள்.

திரையின் வேகத்தையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறைதான் காட்சியை மாற்றும். கார்டு 150 படங்களைத் தயாரித்தாலும் அந்தக் கூடுதல் வேகத்தின் பெரும்பகுதி கண்ணில் படாது. 144 ஹெர்ட்ஸ் திரைக்கோ, வேகமான பிராசசரும் தேவை.

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தரமற்றது பழுதானால் மற்ற பாகங்களும் சேர்ந்து கெடக்கூடும்.