நிறம் மாறுதலும் விலங்கறிவும்

சொன்ன சொல் மாறுவோனைப் ‘பச்சோந்தி’ எனப் பழித்தல் தமிழர் வழக்கு. இப்பழிப்பின் அடியில் இரு கருத்துக்கள் உள. நிறம் மாறும் உயிர் தன் சூழலின் நிறத்தையே மேற்கொள்ளுகின்றது என்பது ஒன்று. பிறரை ஏய்த்தலே அதன் நோக்கம் என்பது மற்றொன்று. விலங்கியல் இவ்விரண்டையும் முற்றாக ஏற்பதில்லை. நிறம் ஒளிவதற்கும் உதவும், பேசுவதற்கும் உதவும். இவ்வுண்மைக்குச் சான்று தேடத் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை; மலையகத்துப் பட்டிப்பொலயை அடுத்துள்ள காடுகளே போதும்.

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையத்தைக் கொண்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே விரிந்திருப்பது 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளி. உண்மையான பச்சோந்தி இக்குளிர்நிலத்தில் இல்லை. அது வரண்ட தாழ்நிலங்களுக்குரியது. ஆயினும், இலங்கை தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத மூவகை ஓணான்கள் இங்கு வாழ்கின்றன. அவை கொம்பு ஓணான், குற்றோணான், கருவுதட்டு ஓணான் என்பன.

இவற்றுட் குற்றோணான் ஒளிதற்கலையிற் சிறந்தது. பசுமையும் பழுப்புங் கலந்த அதன் உடல், பாசி படர்ந்த சுள்ளியினின்றும் வேறு பிரித்தறிய இயலாதது. வாலினாற் கொம்பைப் பற்றிக்கொண்டு, மிக மெதுவாக நகரும். நிறம் எவ்வளவு பொருந்தினும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் அசையாமை ஒளித்தலிற் பாதி எனலாம். முட்டையிடாது குட்டியீனுதலும் இதன் தனியியல்பு.

ஒளித்தல் மட்டுமே வாழ்வாயின் உயிர்கள் துணை தேடுதல் எங்ஙனம்? ஆண் கொம்பு ஓணானின் உடல் சருகின் நிறத்தது. அதன் மூக்கு நுனியிலுள்ள வெண்கொம்போ கண்ணிற் படுவது. பெண்ணுக்கு அக்கொம்பு சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். மறைவும் விளம்பரமும் ஓருடலில் அமைந்த விந்தை இது.

இவ்விரண்டையும் வேண்டும்போது வேண்டியவாறு கையாளும் உயிர் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் உண்டு. அங்குள்ள பாறை ஓணானைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்து 2017இல் முடிபுகளை வெளியிட்டனர். பெண்ணைக் காணும் ஆணின் முதுகு செந்நிறம் பெறுகின்றது. எதிரியான ஆணைக் காணின் மஞ்சளாகின்றது. காதற்குரிய நிறம் மிக எடுப்பானது. பகைக்குரிய நிறம் மிக விரைவில் தோன்றுவது. அழகு காட்டப் பொழுதுண்டு. எதிரிக்கு முன் தாமதம் ஆகாது. இஃது ஏய்ப்பன்று, வெளிப்படையான அறிவிப்பு.

நிறமாற்றத்தின் பொறிமுறை உயிருக்கு உயிர் வேறுபடும். ஓணான் இனங்களிற் குருதியிற் கலக்கும் ஓமோன்கள் இதனைப் பெரிதும் ஆளுகின்றன. மடகாஸ்கார்ப் பச்சோந்தி ஒன்றின் தோலில், நுண்பளிங்குகள் தம் இடைவெளியை மாற்றி ஒளியை வேறுவிதமாகத் தெறிக்கச் செய்வதை ஜெனிவாப் பல்கலைக்கழகத்தார் 2015இற் காட்டினர். எண்காலியாகிய பேய்க்கணவாயின் முறை வேறு. அதன் தோலில் நிறப்பைகள் உள. அவற்றைச் சூழ்ந்த தசைகள் மூளையின் ஏவலை நரம்புவழி பெறுவதால், ஒரு வினாடிக்குட் கோலம் மாறிவிடும். பெரும்பாலான பேய்க்கணவாய்களின் கண்ணில் ஒளியுணர் நிறப்பொருள் ஒருவகையே உண்டு. எனவே நிறங்களை அவை நம்மைப்போற் பிரித்தறிவதில்லை எனக் கருதப்படுகின்றது. நிறமறியாக் கண்ணுடையது நிறத்தாற் பிறர் கண்ணை வெல்லுதல் வியத்தற்குரியது.

நிறம் மாறுதலே அறிவாகுமா? ஆகாது. நிறம் தோலின் தொழில். சூழ்நிலையைக் கற்று நடத்தையைத் திருத்துதலே அறிவின் தொழில். பேய்க்கணவாய்க்கு ஏறத்தாழ 50 கோடி நரம்புக்கலங்கள் உண்டு; அவற்றுட் பெரும்பகுதி கைகளில் அமைந்துள்ளது. இந்தோனேசியக் கடலில் அவ்வினத்தொன்று தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்து சென்று பின்னர் உறைவிடமாக்கியமை 2009இற் பதிவாயிற்று. பின்வரும் தேவையை முன்னிட்டுப் பொருள் சுமத்தல் எளிய செயலன்று.

ஓணானும் அறிவிலியன்று. மேற்கூறிய பாறை ஓணான்களுக்கு இரு புகலிடங்களைக் காட்டி, அபாயம் நேருங்கால் எது காக்கும் எனக் கற்கச் செய்தனர். ஊர்ப்புறத்தில் வாழ்ந்தவை காட்டில் வாழ்ந்தவற்றினும் விரைவிற் கற்றன என 2019இல் வெளியான ஆய்வு கூறும்.

எனினும், கற்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. பாசி படர்ந்த கொம்பே குற்றோணானின் கவசம். கொம்பு வீழ்ந்தபின் அதன் நிறம் யாதும் காவாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய ஹோட்டன் சமவெளிக் காட்டிலும் மரங்கள் நின்றவாறே பட்டுப்போதல் பல்லாண்டுகளாகக் காணப்படுகின்றது. கருவுதட்டு ஓணான் அயல்நாட்டு முட்புதரிலும் வாழப் பழகியுள்ளது. எல்லா உயிர்க்கும் அது கைகூடுவதில்லை.

ஓணானைக் கண்டவிடத்துக் கல்லெறிதல் சிறுவர் வழக்கம். எறியும் கை, அவ்வுயிர் யாரிடம் என்ன கூறுகின்றது என்று கணப்பொழுது நோக்குமாயின், கல் கீழே விழும். பச்சோந்தி என்னும் வசைச்சொல்லைக் கைவிடுதல் அரிதாகலாம். அவ்வுயிர்களின் காட்டைக் காத்தல் அரிதன்று. நிறத்தைப் படிக்கக் கற்றலே அதற்கு முதற் பாடம்.