ஒரு விண்மீன் இமைத்த இரவு: யுரேனசின் வளையங்களும் காவலூரும்

பிரிக்பீல்ட்ஸை அடுத்த கேஎல் சென்ட்ரலில் இரவு நேரக் கொமுட்டர் தொடர்வண்டி ஏறிக் கிள்ளான் நோக்கிப் பயணம் செய்வோர், சன்னலோரம் அமர்ந்து தொலைவில் எரியும் ஒரே ஒரு விளக்கை உற்று நோக்கலாம். பாதையோரத்துக் கம்பம் ஒன்று குறுக்கிடும்போது அவ்விளக்கு ஒரு கணம் மறைந்து மீளும். இருளில் கம்பம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை; விளக்கு இமைத்ததே கம்பம் அங்கு உள்ளது என்பதற்குச் சான்று. வண்டியின் வேகம் தெரிந்து, விளக்கு மறைந்திருந்த நேரத்தையும் அளந்துவிட்டால், கம்பத்தின் பருமனையும் கணக்கிட்டுவிடலாம்.

கோள்களைச் சுற்றியுள்ள மெல்லிய வளையங்களையும் சிறு நிலவுகளையும் வானியலார் ஆராயும் வழிகளுள் மிகக் கூர்மையானது இதுவே. ஒரு கோள் தன் பாதையில் செல்லும்போது, எங்கோ பின்னால் உள்ள விண்மீன் ஒன்றை மறைக்க நேரிடும். இதனை 'மறைப்பு' என்கிறோம். விண்மீன் அளவிறந்த தொலைவில் இருப்பதால் அதன் ஒளி இணைகதிர்களாக வருகிறது. எனவே கோளின் நிழல் ஏறத்தாழக் கோளின் அளவிலேயே பூமியின்மீது படிந்து ஓடுகிறது. நிழல் வினாடிக்குப் 12 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கொள்வோம். விண்மீன் ஒரு வினாடி மறைந்தால், மறைத்த பொருளின் அகலம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 260 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு பொருளின் அகலத்தை இவ்வளவு நுட்பமாக அளக்க, அக்காலத்தில் எந்தத் தொலைநோக்கியின் படத்தாலும் இயலவில்லை, கடிகாரத்தால் இயன்றது.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனைக் கடக்கும் எனக் கணிக்கப்பட்டிருந்தது. அதன் வளிமண்டலத்தையும் விட்டத்தையும் அறிவதே அன்று வானியலாரின் நோக்கம். வளையங்களைத் தேடி எவரும் செல்லவில்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழுவினர், 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய கைப்பர் பறக்கும் ஆய்வுக்கூடத்தில் இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்தனர். மறைப்பின் நேரக் கணிப்பில் ஐயம் இருந்ததால் ஒளிமானியை முன்கூட்டியே இயக்கிவைத்தனர். கோள் விண்மீனை நெருங்குவதற்கு அரைமணி நேரத்திற்கு மேல் இருக்கையிலேயே விண்மீன் இமைத்தது. ஒருமுறை அன்று, ஐந்துமுறை.

அதே இரவில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வான்காணகத்தில், ஜே. சி. பட்டாசார்யாவும் கே. குப்புசாமியும் அதே விண்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் இருந்தது 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி. வேணு பாப்பு என்னும் வானியலாளரின் விடாமுயற்சியால் அம்மலைக் காட்டினுள் எழுந்த நிலையம் அது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கும் விண்மீனின் ஒளி திடீரெனத் தாழ்ந்து, சில வினாடிகளில் மீண்டது.

அப்பதிவைக் கொண்டு இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். யுரேனசுக்குப் புதிய நிலவு ஒன்று உள்ளது என்பதே அவர்கள் எடுத்த முடிவு.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இன்று தமிழில் எழுதுவோர் சிலர், யுரேனசின் வளையங்களைத் தமிழ்நாடே கண்டுபிடித்தது என்று பெருமை பேசுகின்றனர். மறுபுறம், பல நூல்கள் எலியட் குழுவை மட்டும் குறிப்பிட்டுக் காவலூரை அறவே விட்டுவிடுகின்றன. இரண்டுமே நேர்மையான வரலாறு ஆகா. காவலூர்க் கருவி வளையத்தை உள்ளபடியே பதிவுசெய்தது. அப்பதிவுக்குத் தரப்பட்ட முதற்பொருளே பிழைத்தது. இதனை மாணவர்க்கு மறைப்பதைவிட, பிழை எவ்வாறு நேர்ந்தது என விளக்குவதே ஆசிரியர்க்கு அழகு எனக் கருதுகிறோம்.

பிழைக்குக் காரணம் கவனக்குறைவு அன்று. தொடர்வண்டி உவமைக்கே திரும்புவோம். விளக்கு ஒருமுறை இமைத்தால், குறுக்கே வந்தது தனிக்கம்பமா, ஊரைச் சுற்றிப் போட்ட வேலியின் ஒரு பகுதியா என எப்படிச் சொல்வது? ஒற்றை இமைப்பினால் அதனைத் தீர்மானிக்க இயலாது. வேலி ஊரை முழுதும் சுற்றியிருப்பின், நாம் ஊரைக் கடந்து மறுபுறம் வெளியேறும்போதும் விளக்கு இமைத்தாக வேண்டும். அதுவும் முன்பு கண்ட வரிசைக்குத் தலைகீழான வரிசையில். விமானத்தில் இருந்தோரும் முதலில் சிறு நிலவுகளின் கூட்டம் என்றே ஐயுற்றனர். கோள் விலகிய பிறகும் அவர்கள் பதிவை நிறுத்தவில்லை. மறுபுறமும் ஐந்து இமைப்புகள் கிடைத்தன. கோளின் மையத்திலிருந்து முன்பின் தொலைவுகளை ஒப்பிட்டபோது, உள்ளிருந்த நான்கு இணைகள் நன்கு பொருந்தின. ஆகவே அவை வளையங்கள். கிரேக்க நெடுங்கணக்கின் ஆல்ஃபா முதல் எப்சிலான் வரையிலான எழுத்துகளே அவற்றுக்குப் பெயர்களாயின.

வெளிப்புறத்து எப்சிலான் மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. இது நிலவுக் கருத்துக்குப் பின்கதவைத் திறந்துவைத்ததா? இல்லை. அவ்வளையம் வட்டமாக இன்றி நீள்வட்டமாக அமைந்துள்ளது. அதன் அகலமும் இடத்துக்கு இடம் 20 கிலோமீட்டர் முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரை மாறுகிறது. முரண்பட்ட அளவே புதிய செய்தியாயிற்று.

காவலூரார் தம் கருத்தைப் பற்றிக்கொண்டு வாதாடவில்லை. அதே 1977இல் பட்டாசார்யாவும் பாப்புவும் தம் பதிவை மறுபடி ஆராய்ந்து, யுரேனசைச் சூழ்ந்த சனி போன்ற வளையத் தொகுதியைப் பற்றி அதே இதழில் எழுதினர். தம் முதல் முடிவைச் சில திங்களுக்குள் தாமே திருத்திக்கொண்ட அக்கட்டுரையே நம் பார்வையில் முதற்கட்டுரையைவிட மதிப்பு மிக்கது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று நெப்டியூனில் நடந்தது. 1981 மே மாதம் அக்கோள் ஒரு விண்மீனை நெருங்கியபோது ஓர் இமைப்பு பதிவாயிற்று. யுரேனசின் பாடத்தைக் கற்றிருந்த உலகம் வளையத்தையே எதிர்பார்த்திருக்கும். அதுவோ உண்மையிலேயே ஒரு நிலவு! 1989இல் வாயேஜர் 2 நேரில் சென்று உறுதிப்படுத்திய அந்நிலவே இன்று லாரிசா எனப்படுகிறது. ஒரே வகைச் சான்று ஓரிடத்தில் வளையமாகவும் வேறோரிடத்தில் நிலவாகவும் முடிந்தது.

இத்தகைய மெல்லிய வளையங்கள் ஏன் சிதறிப் பரவாமல் நிற்கின்றன என்பது அடுத்த வினா. மந்தையின் இருபுறமும் நடக்கும் மேய்ப்பர்களைப் போலச் சிறு நிலவுகள் இருபுறமும் நின்று ஈர்ப்பினால் துகள்களை ஒடுக்குகின்றன எனப் பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் டிரமெய்னும் 1979இல் கூறினர். 1986 சனவரி 24இல் யுரேனசைக் கடந்த வாயேஜர் 2, எப்சிலான் வளையத்தின் இருமருங்கிலும் கோர்டிலியா, ஒபிலியா என்னும் இரு குறுநிலவுகளைக் கண்டது. ஆக, காவலூரார் கூறிய இடத்தில் நிலவு இல்லை. ஆயினும் அவ்வளையம் நிலைத்திருக்க நிலவுகள் வேண்டியிருந்தன. மற்ற வளையங்கள் பலவற்றுக்கு மேய்ப்பர்கள் இன்னும் அகப்படவில்லை. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் குறுக்களவே உடைய ஒரு நிலவை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2025இல்தான் காட்டியது. அது யுரேனசின் 29ஆவது நிலவு.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் நகர விளக்குகளால் வெளிறிக் கிடக்கிறது. மாலை மழை மேகம் வேறு. பால்வழி மண்டலத்தை இங்கிருந்து காண்பது அரிது. எனினும் மறைப்பு ஆய்வுக்கு இருண்ட வானம் கட்டாயம் அன்று. ஓரளவு ஒளிமிக்க விண்மீன் ஒன்று எந்த நொடியில் மறைந்தது, எந்த நொடியில் மீண்டது என்பதே தேவை. சிறு தொலைநோக்கி, நிகழ்படக் கருவி, செயற்கைத் துணைக்கோள்வழிப் பெறும் துல்லிய நேரம் ஆகியவை போதும். உலகெங்கும் ஆர்வலர்கள் குறுங்கோள்களின் வடிவத்தை இவ்வாறே அளக்கின்றனர். நிழல் எந்த ஊரின்மேல் விழும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருநாள் அது கிள்ளானில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளித் திடலின்மேலும் ஓடக்கூடும். அன்று கருவியோடு நிற்கும் மாணவர், விண்மீன் மறைந்தபின் பெட்டியை மூடிவிடாமல் மறுபுறத்து இமைப்புக்கும் காத்திருக்க வேண்டும்.