ஜோடி இல்லாமலே முட்டை போடும் கிளி!

"ஆண் கிளி கூட இல்லாமல் பெண் கிளி முட்டை போடுமா?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. போடும். நாமக்கல்லில் இருந்து லாரி லாரியாக வருகிறதே வெள்ளை முட்டை, அந்தக் கோழிகள் எந்தச் சேவலைக் கண்டன? சேவல் சேர்ந்தால்தான் முட்டையில் குஞ்சு வளரும். முட்டை வருவதற்குச் சேவல் தேவையில்லை. கிளிக்கும் அதே கதைதான். ஆனால் கோழி முட்டை போட்டால் நமக்குச் சந்தோஷம், கிளி விடாமல் முட்டை போட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் சொல்வது நம் ஊர்ப் பச்சைக்கிளி இல்லை. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ம் வருட வன உயிரினச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் ஜோசியக்காரர் ஒருவரின் கிளிகளையே வனத்துறையினர் எடுத்துப் போன செய்தியை எல்லோரும் படித்திருப்போம். எங்கள் வீட்டில் இருப்பது காக்டெய்ல் என்கிற ஆஸ்திரேலியாக் கிளி. தலையில் கொண்டை, கன்னத்தில் குங்குமம் வைத்த மாதிரி ஆரஞ்சுப் பொட்டு, உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கும் நான் எழுதுவதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

இது என் நாத்தனார் வீட்டுக் கிளி. வாங்கிய இடத்தில் "ஆண்தாங்க, நல்லா விசில் அடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ராஜா என்று பெயரும் வைத்து விட்டார்கள். இந்த மஞ்சள் நிறத்தில் ஆணா பெண்ணா என்று கண்டு பிடிப்பது கஷ்டமாம். ஒரு நாள் ராஜா முட்டை போட்டு விட்டார்! அதோடு ராஜா ராஜாத்தியானது. "முட்டையை எடுத்துடுங்க, தானா நின்னுடும்" என்று யாரோ சொல்ல, மதினியும் எடுக்க எடுக்க, அதுவும் போடப் போட, இரண்டு மாதத்தில் பதினோரு முட்டை. மதினி சென்னைக்கு மாற்றலாகிப் போகும் போது, 2023 ஐப்பசியில், "நீதான் பொறுமையா பார்த்துக்குவே" என்று கூண்டோடு திண்டுக்கல்லுக்குக் கொண்டு வந்து விட்டு விட்டார்.

வந்து ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை கடைசியில் மறுபடி ஆரம்பித்தது. ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு முட்டை. நான்காவது முட்டை வர வேண்டிய நாளில் காலையில் பார்த்தால், கம்பியில் உட்காராமல் கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. இறகையெல்லாம் உப்பிக் கொண்டு பந்து மாதிரி. மூச்சு விடும் போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுகிறது. தின்னவில்லை. என் பெண் அழ ஆரம்பித்து விட்டாள். என் மாமியார் பார்த்து விட்டு, "இது பிரசவ வலிடி. முட்டை வெளியே வர மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்றார். மூன்று பிள்ளை பெற்ற அனுபவம் பேசியது. அத்தை சொன்னதுதான் சரி.

அட்டைப் பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரத்தில் வைத்து, ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றை லேசாகத் தொட்டுப் பார்த்து, "முட்டை மாட்டிக்கிட்டிருக்கு. ஓடு கெட்டியாகலை, தோல் மாதிரி இருக்கு. உடம்புல சுண்ணாம்புச் சத்தே இல்லை. அதனால வெளியே தள்ளுற தசைக்கும் பலம் இல்லை" என்றார். கால்சியம் ஊசி போட்டு, சூடான ஈரக் காற்று படும்படி வைத்திருந்தார். சாயந்திரம் நான்கு மணிக்கு முட்டை வந்தது. தொட்டால் அமுங்குகிற முட்டை.

அன்று டாக்டர் சொன்ன ஒரு கணக்கு என் மனதை விட்டுப் போகவே இல்லை. இந்தக் கிளியின் எடை தொண்ணூறு கிராம். ஒரு முட்டை ஐந்து கிராமுக்குக் குறையாது. அறுபது கிலோ எடையுள்ள பெண் ஒன்று விட்டு ஒரு நாள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளையைப் பெறுவது மாதிரி! ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து சாப்பாட்டில் போதவில்லை என்றால் எலும்பில் இருந்துதான் வர வேண்டும். அது தீர்ந்தால் எலும்பு முறியும், கால் விளங்காமல் போகும், வலிப்பு வரும், முட்டை மாட்டி உயிரே போகும். நாம் பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு வலி, முதுகு வலி என்று கால்சியம் மாத்திரை விழுங்குகிறோமே, அதை நினைத்துக் கொண்டேன்.

சரி, இதை எப்படி நிறுத்துவது? "ஒரு ஆண் கிளியை வாங்கி விடு, சரியாயிடும்" என்று சொல்லாதவர்கள் இல்லை. (பெண்ணுக்கு எது வந்தாலும் நம் ஜனங்களுக்குத் தெரிந்த வைத்தியம் கல்யாணம்தான்!) ஆண் வந்தால் முட்டை நிற்காது, இன்னும் கூடும். டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கிளியின் உடம்பு "இது நல்ல காலம், குஞ்சு பொரிக்கலாம்" என்று நினைக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட சீமையில் மழை பெய்து புல் விதை நிறையக் கிடைக்கும் போதுதான் காட்டில் இவை கூடு கட்டுமாம். நம் வீட்டிலோ தினமும் மழைக்காலம், தினமும் விருந்து. ஆகவே கிளிக்கு மருந்து கொடுப்பதை விட வீட்டை மாற்ற வேண்டும்.

முதல் விஷயம் வெளிச்சம். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். அப்போதுதான் கோழி நிற்காமல் முட்டை போடும். எங்கள் ஹாலில் நடந்ததும் அதேதான்! காலை ஐந்தரை மணிக்குக் கோலம் போட எழுந்தால் லைட், ராத்திரி சீரியல் முடிந்து படுக்கப் பத்தரை ஆகும். பதினேழு மணி நேரம்! அதனால் கூண்டை ஹாலில் இருந்து எடுத்துப் பின்னால் உள்ள சின்ன ரூமுக்கு மாற்றினேன். சாயந்திரம் ஆறு மணிக்குக் கறுப்புத் துணி, காலை ஏழு மணிக்குத்தான் எடுப்பேன். பதின்மூன்று மணி நேரம் இருட்டு. காற்றுப் போக ஒரு பக்கம் கொஞ்சம் திறந்திருக்கும். துணி போட்டு டி.வி. பக்கத்தில் வைத்தால் பிரயோஜனம் இல்லை, சத்தமும் இருக்கக் கூடாது. இதில் வீட்டுக்காரருக்குத்தான் வருத்தம். அவர் கடையைச் சாத்தி விட்டு வீட்டுக்கு வருகிற நேரத்தில் ராஜாத்தி தூங்கி விடும். ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் அவருக்குத் தரிசனம்.

இரண்டாவது, மறைவான இடம். கூண்டோடு ஒரு மண் கலயமும் வந்திருந்தது, லவ் பேர்ட்ஸுக்குத் தொங்க விடுவார்களே, அது. முதலில் அதை எடுத்தேன். கண்ணாடியையும் எடுத்தேன். கண்ணாடியில் தெரிவதைத் தன் ஜோடி என்று நினைத்துக் கொள்கிறதாம். கூண்டின் தரையில் பேப்பர் போட்டால் கிழித்துக் கிழித்துக் குவிக்கும், அது கூடு கட்டும் வேலை. பேப்பருக்கு மேலே கம்பி வலை வைத்து விட்டால் எட்டாது. வெளியே விடும் போது பீரோ அடி, கட்டில் அடி, மடித்து வைத்த புடவை நடுவே எங்கும் நுழைய விடக் கூடாது. கூண்டை மாதம் ஒரு முறை இடம் மாற்றி வைப்பதும் நல்லது. புது இடம் என்றால் முட்டை போட யோசிக்குமாம்.

மூன்றாவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் கிளி கெடும். தடவிக் கொடுப்பதைத் தலையோடும் கழுத்தோடும் நிறுத்திக் கொள்ள வேண்டும். முதுகு, இறக்கைக்கு அடியில், வால் பக்கம் தடவினால் அது தன் ஜோடி என்று நினைத்துக் கொள்ளும். என் பெண்ணிடம், "தலையை மட்டும் தடவு, முதுகைத் தொட்டா அதுக்கு வயிறு வலிக்கும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எட்டு வயசுக்கு அந்த விளக்கம் போதும்.

சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நாத்தனார் வீட்டில் சூரியகாந்தி விதையைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைப்பார்கள். அது முழுக்க எண்ணெய். வெதுவெதுப்பான குழைந்த சாதம், ஊற வைத்த பயறு எல்லாம் குஞ்சுக்கு ஊட்டுகிற சாப்பாடு மாதிரி. அதைக் கொடுத்தால் "குஞ்சு பொரி" என்று நாமே சொல்வதாக அர்த்தம். நான் தினை, கம்பு அளவாகக் கொடுக்கிறேன், முருங்கைக்கீரை தினமும் உண்டு. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் முருங்கைக்கா பஞ்சம்? பாலக்கீரை வேண்டாம், அதில் உள்ள புளிப்புச் சத்து சுண்ணாம்பை உடம்பில் சேர விடாது. பட்டினி போடுவதும் கூடாது. சத்தைக் குறைப்பது என்றால் வயிற்றைக் காயப் போடுவது இல்லை.

சுண்ணாம்புச் சத்துக்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் வெள்ளையாக, லேசாக ஒன்று கொடுப்பார்கள். கணவாய் மீனின் முதுகு ஓடுதான் அது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீர் மாற்றி, வெயிலில் காய வைத்துக் கூண்டில் கட்டி விட்டால் தேவைப்படும் போது அதுவே கொறித்துக் கொள்ளும். கோழி முட்டை ஓட்டையும் வேக வைத்து, காய வைத்து, பொடித்துக் கொடுக்கலாம். ஆனால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. காலை ஏழரை மணிக்கு அரை மணி நேரம் மொட்டை மாடியில், பாதிக் கூண்டுக்கு நிழல் வைத்து, நான் பக்கத்திலேயே துணி காயப் போட்டுக் கொண்டிருப்பேன். பூனையும் வல்லூறும் சும்மா விடாது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலுக்கு அரை மணியைக் கால் மணியாக்கி விடுவேன்.

இவ்வளவு செய்தும் முட்டை வந்து விட்டால்? எடுக்காதீர்கள்! எடுத்தால் எண்ணிக்கை குறைகிறதே என்று மறுபடி போடும். அதன் கணக்கு நான்கில் இருந்து ஏழு வரை. அந்தக் கணக்கு நிறைந்தால்தான் உடம்பு நிற்கும். அப்படியே விட்டு விட்டால் மேலே உட்கார்ந்து அடை காக்கும். குஞ்சு வராது என்று தெரிந்து மூன்று வாரத்தில் தானே எழுந்து விடும். அதற்குப் பிறகு எடுக்கலாம். நான் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதி விடுவேன். விரிசல் விட்டதை மட்டும் எடுத்து விட்டு, அதே அளவு மர மணி ஒன்றை வைப்பேன். ஜோடியாக வளர்ப்பவர்கள், குஞ்சு வேண்டாம் என்றால், போட்டதும் முட்டையை வேக வைத்து ஆறியதும் திரும்ப வைத்து விடலாம். கிளிக்கு வித்தியாசம் தெரியாது.

முட்டை மாட்டிக் கொண்டதற்கான அறிகுறி தெரிந்தால் கை வைத்தியம் வேண்டாம். விளக்கெண்ணெய் தடவுவது, வயிற்றை அழுத்துவது இரண்டும் ஆபத்து. அழுத்தினால் முட்டை உள்ளேயே உடையும். இளஞ்சூடாக, இருட்டாக வைத்து உடனே டாக்டரிடம் போவதுதான் வழி, மறுநாள் பார்த்துக் கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் இல்லை. பறவைகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள். ஆடு மாடு பார்க்கும் எல்லோரும் கிளி பார்ப்பதில்லை. பெரிய விஷயம் என்றால் கரூர் தாண்டி நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எதற்கும் நிற்காத கிளிகளுக்கு ஹார்மோன் ஊசியும், தோலுக்கு அடியில் வைக்கும் மருந்தும் இருப்பதாக டாக்டர் சொன்னார். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனும் உண்டாம், இவ்வளவு சின்ன உடம்பில் கத்தி வைப்பது கடைசி வழி என்றார். எங்களுக்கு அது வரை போக வேண்டியிருக்கவில்லை.

2024-ல் ராஜாத்தி இரண்டே தடவைதான் முட்டை போட்டது, நான்கும் ஐந்துமாக. ஓடெல்லாம் கெட்டியான முட்டை. அடுத்த வருடம் ஒரே தடவை. அது முடிந்த கையோடு இறகு உதிர்க்க ஆரம்பித்தது. கூண்டைச் சுற்றித் தினமும் மஞ்சள் இறகாகப் பெருக்கித் தள்ளினேன். உடம்பு முட்டையை விட்டு விட்டு இறகு வளர்க்கப் போய் விட்டது, நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னார். அந்த இறகுகளை என் பெண் நோட்டுப் புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறாள், குட்டி போடுமாம்!

போன மாதம் மதினி போன் செய்து, "சென்னையில புது வீடு பெருசா இருக்கு, ராஜாத்தியைக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டார். "வாங்க மதினி, ஆனா உங்க வீட்டு ஹால்ல லைட்டை எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். "பதினோரு மணி ஆயிடும்" என்றார். பக்கத்தில் இருந்து கேட்டுக் கொண்டிருந்த அத்தை போனை வாங்கி, "கிளி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்து விட்டார்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்